தேன்பருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை

என் அக்காவுக்குக் குளவி ஆகாது. கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று சிலர் சொல்வார்களே, அந்த மாதிரிதான் அவளும் இதைச் சொல்லிக்கொள்வாள். போன தடவை ஒரே ஒரு குளவி கழுத்தில் கொட்டியது. முகம் வீங்கி, உதடு தடித்து, மூச்சு உள்ளே போகாமல் அவள் வேனுக்குள் மல்லாந்து கிடந்ததை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை கொட்டினால் இந்த அளவுக்கு நேரம் கிடைக்காது என்றார். அதைக் கேட்டு அழுதது நான்தான். அக்கா அடுத்த வாரமே கொழுந்துப் பையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். குளவிக்குப் பயந்தால் தேயிலைக்குள் இறங்க முடியாது என்பது அவள் கட்சி. பேசி ஜெயிக்க முடியாத பிறவி.

எங்கள் பக்கம் கொட்டுகிற எல்லாவற்றுக்கும் குளவி என்றுதான் பெயர். உயர்ந்த மரக்கிளைகளில் முறம் முறமாகத் தொங்கிக்கொண்டிருக்கும் மலைத்தேனீயும் எங்களுக்குக் குளவியே. புத்தகம் பார்த்து அதைத் தேனீ என்று ஒருநாள் திருத்தினேன். "கொட்டு வாங்கினவளுக்குப் பேரா முக்கியம்?" என்று கேட்டாள் அக்கா.

நான் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவையில் வேன் ஓட்டுகிறவன். நானுஓயா ஸ்டேஷனில் இறங்கும் பயணிகளை ஏற்றப் போய், அவர்களில் சில பறவைப் பைத்தியங்கள் மாட்டி, அவர்களுடைய பைனாகுலரைச் சும்மா வாங்கிப் பார்க்கப் போய், அந்தப் பைத்தியம் எனக்கும் தொற்றிக்கொண்டது. இப்போது வேன் கண்ணாடியில் ஒரு மைனா படம் ஒட்டியிருக்கிறேன். பறவை பார்க்க வருகிறவர்கள் தேடிவந்து என்னைப் பிடிக்கிறார்கள். "காக்கா குருவி பாக்கவா இம்புட்டுத் தூரம் வாறாங்க? அவங்க ஊர்ல மரமே இல்லியா?" என்று அக்கா இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்தத் தை மாதம் வந்தவர்கள் கோயம்புத்தூர்க் கணவன் மனைவி. இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். முந்தின வருடம்தான் ஆப்பிரிக்காவில் சஃபாரி போய் வந்திருந்தார்கள். சாருக்கு அந்த மயக்கம் இன்னும் தெளியவில்லை. நான் ஒரு குருவியைக் காட்டினால் போதும், செரங்கெட்டியில் அதற்கு ஒரு அண்ணன் இருப்பான். அண்ணன் எப்போதும் தம்பியைவிடப் பெரியவன், நிறமும் கூடுதல். எங்கள் ஊர் மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று சொல்லி அவரை அடக்கப் பார்த்தேன். "அப்படீங்களா? ஆனா அங்க ஒரு மஞ்சக் குருவி பாத்தமுங்க பாருங்க" என்று மறுபடி ஆரம்பித்தார். மேடம் மட்டும் எனக்காக இரக்கப்பட்டு, "இது அதைய விட அழகுதானுங்களே" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவர்களை எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே கூட்டிவந்தேன். ஓடைக்கரையில் கருநீலப் பூங்குருவி ஒன்று வருவதாகக் கேள்வி. குளிரில் பல் கிட்டிக் காத்திருந்தும் அது வரவில்லை. வெயில் ஏறியதும் மேல் ரோட்டு வளைவில் வேனை நிறுத்தி, ரொட்டியும் கட்டச் சம்பலும் பிரித்தோம். சம்பலின் உறைப்பில் சாருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"அங்க ஜீப்பை உட்டு ஒரு காலைக் கீழ வெக்க உட மாட்டாங்க தம்பி. சிங்கம் இருக்குமுங்க. இங்கதான் நிம்மதி. இப்படிக் காலாற நடந்தே பாக்கலாம், ஒரு ஆபத்தும் இல்ல."

நானும் சிரித்துத் தலையாட்டினேன். ஆப்பிரிக்காவில் ஒரு சின்னப் பறவை இருப்பதாக அவர் அடுத்துச் சொன்னார். அது மனிதர்களைக் கத்திக் கூப்பிட்டு, மரத்துக்கு மரம் முன்னால் பறந்து, தேன்கூடு இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்குமாம். மனிதர்கள் தேனை எடுத்துக்கொண்டு மெழுகை அதற்கு விட்டுவிடுவார்களாம். கேட்கவே நன்றாக இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் ஆப்பிரிக்காவுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

அப்போதுதான் அவர் கையில் ரொட்டியோடு எழுந்து நின்றார். "தம்பி, அது என்னங்க?"

பள்ளத்துக்கு மேலே அகன்ற இறக்கையை விரித்து ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பைனாகுலரை வைத்தேன். நீளக் கழுத்து, பருந்து உடம்பில் புறாத் தலையை ஒட்டவைத்த மாதிரி சின்னத் தலை. தேன்பருந்து. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும். இவ்வளவு கிட்டத்தில் நானே பார்த்ததில்லை. எனக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லக் கூடாது. "சார், தேன்பருந்து!" என்று கத்தாத குறைதான். சார் ரொட்டியைப் போட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கினார். பருந்து மெதுவாக இறங்கி, சரிவின் நடுவில் நின்ற பெரிய கருப்பந்தைல மரத்தில் உட்கார்ந்தது.

எந்த மரத்தில் உட்கார்ந்தது என்பது எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

அந்த மரத்தில் குளவி இருப்பது தோட்டம் முழுக்கத் தெரியும். கங்காணி அடிமரத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். வேலை நாட்களில், பெரட்டில் ஆட்களைப் பிரித்து அனுப்பும்போது, அதைச் சுற்றியுள்ள தேயிலை நிரைகளுக்கு யாரையும் அனுப்ப மாட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாது. இஷ்டப்பட்டவர்கள் வந்து, இஷ்டப்பட்ட நிரையில் பறித்து, கொழுந்தின் எடைக்கு ஏற்பக் காசைக் கையில் வாங்கிக்கொண்டு போகலாம். கைக்காசு என்போம். மற்ற நாளில் யாரும் கை வைக்காததால் அந்த மரத்தடியில்தான் கொழுந்து செழித்துக் கிடக்கும். தளதளவென்று நிற்கிற கொழுந்தைப் பார்த்துவிட்டு, சிவப்புத் துணியைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள் எங்கள் பெண்கள். குளவி பாட்டுக்கு மேலே இருக்கிறது, நாம் பாட்டுக்குக் கீழே பறிப்போம் என்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தும் வந்தது.

பைனாகுலரை மரத்திலிருந்து கீழே இறக்கினேன். நாலைந்து பேர் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு நிறத் தலைத்துண்டோடு ஒருத்தி, இரண்டு கையும் தனித்தனி ஆள் மாதிரி ஓட, நிரையின் நடுவில் நின்றாள். அந்தக் கைகளை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். காலையில் மாதா கோயில் பூசைக்குப் போகிறேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

தேன்பருந்து தேனைக் குடிக்க வருவதில்லை. அடையையே பிய்த்து, உள்ளே இருக்கும் புழுவைத் தின்ன வருகிறது. அதன் முகத்தில் இறகு செதில் செதிலாக அடர்ந்திருப்பதால் எத்தனை குளவி கொட்டினாலும் கொடுக்கு உள்ளே இறங்காது. அது பாட்டுக்கு ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விடும். கூடு கலைந்த குளவிக்கு ஆத்திரம் தீர யாராவது வேண்டுமே. கீழே நிற்கிறவர்கள்தான் அகப்படுவார்கள்.

போனை எடுத்து அக்காவுக்கு அடித்தேன். மணி போனது. பைனாகுலரில் அவள் அசையவில்லை. அவள் போன் சாப்பாட்டுப் பைக்குள் நிரைமுனையில் எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கும். ஹார்னை அடிக்கலாமா என்று வேனுக்கு ஓடி, கையை வைத்தவன் எடுத்துவிட்டேன். ஹார்ன் கேட்டால் என்னவென்று பார்க்க எல்லாரும் நிமிர்ந்து நிற்பார்கள். அது இன்னும் மோசம்.

"சார், மேடம், நீங்க வேனுக்குள்ள ஏறி கண்ணாடிய ஏத்திக்கங்க. சாவி அதிலயே இருக்கு."

"ஏனுங்க, இப்பத்தானே உக்காந்திருக்குது?"

"கீழ எங்கக்கா நிக்குது சார்" என்று சொல்லிக்கொண்டே சரிவில் இறங்கினேன். அங்கிருந்தே கையைக் குவித்துக் கத்தவும் செய்தேன். காற்று எனக்கு எதிராக இருந்தது. பின்னாலிருந்து சாரின் கெஞ்சல்தான் கேட்டது: "தம்பீ, சத்தம் போடாதீங்க, பறந்துருமுங்க!"

"பறந்து தொலையட்டும்!" என்றேன். விருந்தாளியிடம் நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கு அது பறந்து, ஆப்பிரிக்காவுக்கே போய்ச் சேர்ந்திருந்தால் கோயிலில் மெழுகுதிரி ஏற்றியிருப்பேன்.

அது போகவில்லை. கிளையில் உட்கார்ந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் கூட்டை அளந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. நான் தேயிலைச் செடிகளுக்கு இடையில் வாதுக் கிளைகள் முழங்காலைக் கிழிக்க, வழுக்கி எழுந்து ஓடினேன். ஓடும்போது மரத்தைப் பார்ப்பேன், ஆரஞ்சுத் துண்டைப் பார்ப்பேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், மாதாவே, என் குரல் அவளுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும்.

எட்டும் என்று தோன்றிய இடத்தில் நின்று மூச்சை இழுத்தேன். பருந்து கிளையை விட்டு எழும்பியது. இறக்கையை மடக்கி ஒரு பக்கமாகச் சரிந்து, காலை நீட்டிக் கூட்டின் மேல் விழுந்தது. அடையில் பாதி பெயர்ந்து அதன் நகத்தோடு போனது.

"படங்கு!" என்று கத்தினேன்.

எங்கள் டிவிஷனில் குளவி என்று யாரும் கத்துவதில்லை. அப்படிக் கத்தினால் ஆள் ஓடும். ஓடுகிறவரைத்தான் குளவி துரத்தும். படங்கு என்பது கொழுந்து பறிக்கிறவர்கள் வாது கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த விரிப்பு. அந்தச் சொல் காதில் விழுந்தால், ஏன் எதற்கு என்று கேட்காமல் அதை அவிழ்த்துத் தலையோடு போர்த்தி, செடிக்கடியில் குப்புறப் படுத்துவிட வேண்டும்.

விழுந்தார்கள். ஒருத்தி, அடுத்தவள், அதற்கடுத்தவள், சரிவில் தலைகள் காணாமல் போயின. ஒரே ஒரு தலை மட்டும் நின்றது. ஹட்டன் டவுனிலிருந்து எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கல்யாணம் கட்டி வந்த புதுப்பெண். முதல் தடவையாகக் கைக்காசுக்கு வந்திருக்கிறாள். வெயில் நாள்தானே என்று படங்கு கூடக் கட்டாமல், இடுப்பில் ஒரு பழைய துண்டோடு நின்றாள். யார் கத்தியது என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடத் திரும்பினாள்.

ஆரஞ்சுத் துண்டும் கீழே போகவில்லை. அக்கா ஓடினாள்.

"படு! அக்கா, படு!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கிளைக்குக் கீழே கறுப்பாகப் புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா செடிக்கு மேலாகவே பாய்ந்து அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். அவ்வளவுதான் பார்த்தேன். அதற்குள் என் காதில் ஒன்று, நெற்றியில் ஒன்று கொட்டிவிட்டது. பக்கத்தில் தண்ணீர் வடிகிற கானுக்குள் உருண்டு, ஜாக்கெட்டைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு சேற்றில் முகத்தைப் புதைத்தேன்.

என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் கிடையாது. தலைக்கு மேலே இரைச்சல். எனக்குக் கொட்டியது ஒன்றும் வலிக்கவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பற்களுக்கு நடுவே மண் நறநறக்க, ஒரு கொட்டு, ஒரே ஒரு கொட்டுதானே அவளுக்கு வேண்டும், என்று அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். எழுந்து ஓடினால் குளவிக் கூட்டத்தை நானே அவளிடம் கூட்டிக்கொண்டு போவேன். எழாமல் கிடந்தால் அவள் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பாள். இரண்டுக்கும் நடுவில் கிடந்து அழுதேன்.

இரைச்சல் மெல்ல மேலே ஏறியது. தூரமானது. ஒரு பெண்ணின் குரல், "போயிருச்சாடி?" என்றது. இன்னொரு குரல், "பேசாத, கெட" என்று அதட்டியது. நான் எழுந்தேன். செடிகளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொருத்தியாக முழங்காலிட்டு எழும்பினார்கள். அந்த இரண்டு பேர் எழவில்லை.

நிரைக்குள் அக்காவின் படங்கு விரிந்து கிடந்தது. அதற்குள் அந்தப் பெண் சுருண்டிருந்தாள். ஓரங்கள் நான்கும் அவளுக்கடியில் இறுக்கமாகச் செருகியிருந்தன. அதன்மேல் குப்புறப் படுத்து, தலைத்துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அக்கா கிடந்தாள். புறங்கையிலும் பிடரியிலும் குளவிகள் செத்து ஒட்டியிருந்தன. தோளைத் தொட்டேன். "நீயாடா கத்துனது?" என்றாள். குரல் ஏற்கெனவே தடித்துவிட்டிருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு மேல் ரோட்டுக்கு ஏற முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பினால், கீழே லொறி போகும் கல்ரோட்டில் என் வேன் குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் சார். அந்த ரோட்டில் வேனை இறக்க நானே யோசிப்பேன். கேமரா எங்கேயோ கிடந்தது, மனிதர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். "ஏத்துங்க தம்பி, ஏத்துங்க." அந்த நிமிடம் அவருடைய எல்லா அண்ணன் குருவிகளையும் மன்னித்தேன். புதுப்பெண்ணும் விடாமல் கூடவே ஏறிக்கொண்டாள்.

நான் ஓட்டினேன். பின்னால் மேடம் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நகத்தால் கொடுக்குகளைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். "கண்ணை மூடாதீங்க கண்ணு, எங்கிட்டப் பேசுங்க" என்றார். அக்கா பேசப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை, விசில் மாதிரி மூச்சுச் சத்தம்தான் வந்தது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தது. நான் விளக்கைப் போட்டு ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பஸ்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை திட்டாமல் பின்னுக்கு எடுத்து வழிவிட்டான். அடுத்த வளைவில் அந்த விசில் சத்தமும் நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "இருக்காங்க, ஓட்டுங்க" என்றார் மேடம்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டி வந்தது. அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள், கதவு மூடியது. நர்ஸ் ஒருத்தி என் சட்டைச் சேற்றையும் வீங்கிய காதையும் பார்த்துவிட்டு, "பய வென்ன எப்பா, மல்லி" என்றாள் சிங்களத்தில். பயப்படாதே தம்பி என்று சொன்னால் பயம் போய்விடுமா? சுவரோரம் குந்தினேன். சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முதுகில் கையை வைத்துக்கொண்டார். புதுப்பெண் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கும் மருந்து போடலாம் என்று நர்ஸ் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். ஒரு கொட்டுக்கூட இல்லை.

பிற்பகலில் என்னை உள்ளே விட்டார்கள். ஊசி கேட்டிருந்தது. அக்காவின் முகம் பூசணிக்காயாக ஊதியிருந்தாலும் மூச்சு ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருந்தது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பூசைக்குப் போறேன்னு சொல்லிட்டு அங்கயா போன? ஒனக்கு ஒரு கொட்டு பட்டா உசுரு போயிரும்னு தெரியுமில்ல? படங்க யாருக்கோ குடுத்துட்டு எதுக்குக்கா வெளிய கெடந்த?"

"கத்தாதடா, இது ஆஸ்பத்திரி" என்றாள், கரகரத்த குரலில். "நான் ஒண்ணும் தர்மம் பண்ணல. அவ டவுன்காரி, ஓடப் பாத்தா. ஓடியிருந்தா கூட்டம் பூரா எங்க மேலதான் வந்துருக்கும். அதான் புடிச்சு அமுக்கினேன். என் உசுருக்காகத்தான்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுதான் என் அக்கா. சாகக் கிடந்தாலும் கணக்கு சரியாக இருக்கும். அவள் சொன்னதில் பிசகும் இல்லை, ஓடுகிறவளை நிறுத்தாவிட்டால் எல்லாருக்கும் ஆபத்துதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். ஓடுகிற ஒருத்தியைப் பிடித்து அமுக்க இரண்டு கை போதும். அதற்குப் படங்கை அவிழ்க்க வேண்டியதில்லை. அவிழ்த்ததைத் தன்மேல் போர்த்திக்கொள்ளாமல் அந்தப் பெண்மேல் போட்டு, குளவி இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஓரம் ஓரமாகச் செருகிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை.

"அக்கா" என்றேன்.

அவள் கண்ணை மூடித் தூங்குகிறவள் மாதிரி கிடந்தாள். வீங்கிய இமை துடித்துக்கொண்டிருந்தது.